கன்றின் எடையும் தாயின் கணக்கும்

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. எது வளர்ந்தது, யாருக்காக வளர்ந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. பெரிதாயிற்றா, நல்லது என்று தலையாட்டிவிடுகிறோம். இதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவை கன்றுக்குட்டிகள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளில் கன்றின் எடைதான் காசு. அங்கே ஓர் இனத்துப் பசுவை வேறோர் இனத்துக் காளையோடு சேர்ப்பது வெகுநாளைய வழக்கம். அப்படிப் பிறக்கும் கன்று பெரும்பாலும் இரண்டு இனங்களின் சராசரியைவிட வேகமாக வளர்கிறது. இதைக் கலப்பின வீரியம் என்கிறார்கள். இறைச்சிக்காக மாடு வளர்ப்பது தகுமா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. தகும் என்று ஒப்புக்கொண்டவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கூடுதல் எடைக்கு விலை கொடுப்பது யார்?

நான் கதை எழுதுகிறவன். எல்லோரும் பேசும் பாத்திரத்தை விட்டுவிட்டு, பேசப்படாத பாத்திரத்தைத் தேடுவது என் வழக்கம். இந்தக் கதையில் பேசப்படாதவள் தாய்.

1938-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளான வால்டனும் ஹாமண்டும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஷயர் என்ற பெருங்குதிரையையும் ஷெட்லண்ட் என்ற மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் கலந்தார்கள். ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லண்ட் தாய் ஈன்ற குட்டியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது. இரண்டும் ஒரே கலப்புத்தான். ஆனால், சிறிய தாயின் உடம்பு தன்னால் தாங்கக்கூடிய அளவோடு குட்டியை நிறுத்திக்கொண்டது.

மாடுகளிலும் இதைக் காணலாம். நம் நாட்டுத் திமில் மாடுகள் அமெரிக்காவுக்குப் போய், அங்கே பிராமன் என்ற இனமாயின. பிராமன் காளையை ஹெர்ஃபோர்டு பசுவோடு சேர்த்தால் கன்று பெருத்துப் பிறக்கிறது, பிரசவமும் கஷ்டமாகலாம். தாய் பிராமனாகவும் தந்தை ஹெர்ஃபோர்டாகவும் இருந்தாலோ கன்று சிறிதாக, சுலபமாகப் பிறக்கிறது.

இந்த எல்லையை மனிதன் மதிக்காத இடமும் உண்டு. பெல்ஜியம் நாட்டில், உள்ளூர் மாடுகளோடு ஷார்ட்ஹார்னைக் கலந்து உருவான ‘பெல்ஜியன் புளூ’ என்ற இனம் இருக்கிறது. அதில் தசை திரண்டவற்றையே தேர்ந்து தேர்ந்து பெருக்கினார்கள். தசையைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்லும் மரபணு அவற்றில் பழுதாகியிருக்கிறது என்பது 1997-இல் தெரியவந்தது. அந்த இனத்தின் கன்றுகளில் பெரும்பாலானவை தாயின் வயிற்றைக் கீறித்தான் வெளியே எடுக்கப்படுகின்றன.

“மயக்க மருந்து கொடுக்கிறார்கள், பசு பிழைத்துக்கொள்கிறது, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். ஆபத்தில் அறுப்பது வைத்தியம். அறுப்பதாக முன்பே தீர்மானித்துக்கொண்டு கருவூட்டுவதற்கு வைத்தியம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே தாயின் வேதனை ஒரு விபத்து அல்ல. திட்டத்தின் ஒரு பகுதி.

அதற்காகக் கலப்பையே குற்றம் சொல்வது நியாயமாகாது. தலையீற்றுக் கிடேரிக்கு ஆங்கஸ் போன்ற, சிறிய கன்று தரும் காளையைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் என்ற மூன்று இனங்களைக் கலந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சினைக்கு விட்ட பசு ஒன்றுக்குக் கிடைத்த, பால் மறந்த கன்றின் எடை சுமார் 23 சதவீதம் கூடியது. அந்த லாபத்தில் பாதிக்கு மேல் வந்தது கன்று கலப்பினமாக இருந்ததால் அல்ல, தாய் கலப்பினமாக இருந்ததால்! அவள் நன்றாகச் சினை பிடித்தாள். கன்றுக்கு வேண்டிய பாலைக் கொடுத்தாள். தாயை மீறிக் கன்றைப் பெருக்குவது ஒரு வழி. தாயை வலுப்படுத்திக் கன்றை வளர்ப்பது இன்னொரு வழி. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், தர்மத்துக்கு ஒன்றல்ல.

இது மாட்டுக் கொட்டிலோடு முடிகிற விஷயமா? ஊர் வளர்ந்தது, தொழில் வளர்ந்தது, குடும்பம் முன்னுக்கு வந்தது என்று நாமும் தினம் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி காதில் விழும்போது, கன்றின் எடையைக் கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். தாய் எப்படி இருக்கிறாள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.