எவருடைய வரியை எவர் எழுதுவது?

நாடகத்தில் நடந்த குற்றத்துக்கு நடிகன் பொறுப்பாளியா? இப்படிக் கேட்டால் எம்மில் பெரும்பாலோர் சிரிப்போம். இரவு முழுவதும் துரியோதனனாக ஆடியவனை விடிந்ததும் தேநீர்க்கடையில் கண்டு, ‘ராத்திரி நல்ல ஆட்டம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் மேடையும் வேடமும் பார்வையாளரும் இல்லாமல், ஆடுபவர்கள் ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிராமல், எழுத்தால் மட்டுமே நடக்கும் ஒரு நாடகத்தில் இக்கேள்வி அவ்வளவு இலகுவானதாக இல்லை. கணனி வழியே எழுத்தால் ஆடப்படும் பாத்திர விளையாட்டுகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறோம்.

இது பொழுதுபோக்குச் சமாச்சாரம்தானே, இலக்கிய ஏட்டில் இதற்கென்ன இடம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வெறும் சொற்களால் ஒரு மனிதருக்குத் தீங்கு செய்ய முடியுமா என்ற பழைய கேள்வியை இவ்விளையாட்டுகள் மிகவும் அப்பட்டமாக எழுப்பியிருக்கின்றன. சொற்களைத் தவிர வேறு உடைமை அதிகம் இல்லாமல் இந்த நகரத்தில் வந்திறங்கிய எமக்கு, அது அந்நியமான கேள்வியல்ல.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்றப்ஷோ என்ற மாணவர் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980இல் அது அவருடைய நண்பர் றிச்சர்ட் பார்ட்டிலின் கைக்கு வந்தது. அதில் படமில்லை, ஒலியில்லை. திரையில் ஓர் இடத்தின் வர்ணனை தோன்றும். வடக்கே போவதாகத் தட்டெழுதினால் அடுத்த இடத்தின் வர்ணனை வரும். அதே வேளையில் வேறொரு கணனியின் முன்னால் இருக்கும் இன்னொருவரும் அதே இடத்தில் ‘நின்று’கொண்டிருப்பார். நீங்கள் பேசினால் அவருடைய திரையில் இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று ஒரு வரி வரும். பேச்சோடு மட்டும் நிற்பதில்லை. சிரிப்பதாக எழுதினால், உங்கள் பாத்திரத்தின் பெயரோடு சேர்ந்து, ‘மாலதி சிரிக்கிறாள்’ என்று மற்றவர்கள் வாசிப்பார்கள். அதாவது, ஆடுபவர் தன்னைத் தானே படர்க்கையில் எழுதிக்கொள்கிறார். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அரசனாக வேடமிட்டவன் சபைக்கு வருகையில், அரசன் வருகிறான், இன்ன விதமாய் வருகிறான் என்று தன்னையே வேறொருவன்போலப் பாடிக்கொண்டுதான் ஆடிவருவான்.

பாரிஸ்வாசிகள் எழுத்து முகமூடியை அறிவதற்குக் கணனி வரும்வரை காத்திருக்கவில்லை. 1982 முதல் தொலைபேசிச் சந்தாதாரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மினிற்றெல் என்ற சிறு பெட்டி, 2012 யூன் 30இல் அந்தச் சேவை நிறுத்தப்படும்வரை இந்த நாட்டின் வீடுகளில் இருந்தது. இரயில் நேரமும் தொலைபேசி விபரமும் பார்க்கத்தான் அதைக் கொடுத்தார்கள். ஆனால் நிமிடக் கணக்கில் பணம் அறவிட்ட அரட்டைச் சேவைகளே அதன் பெரும் வியாபாரங்களில் ஒன்றாயின. ‘3615 உல்லா’ என்ற சுவரொட்டியை அந்தக் காலத்துப் பாரிசில் காணாதவர் இருக்கமாட்டார்கள். சுவரொட்டியில் சிரித்த பெண்ணை எவரும் சந்தித்ததில்லை. இத்தகைய சேவைகளில் பெண்பெயர்களின் பின்னாலிருந்து தட்டெழுதியவர்களிற் பலர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். அவர்களில் ஆண்களும் இருந்தார்கள். இதில் பிழை எங்கே இருக்கிறது? ஆண் பெண்வேடம் போட்டதிலா? அப்படியானால் எமது கூத்துகள் அத்தனையும் பிழை. ஒரு பக்கத்தில் இருந்தவருக்கு இது ஆட்டம் என்று தெரிந்திருந்தது. மறுபக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியாது. அவருடைய தொலைபேசிக் கட்டணமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் என்பதை இருவரும் அறியாதவிடத்து அது ஆட்டமாகாது.

ஆனால் எல்லோரும் அறிந்தே ஆடுகின்ற இடத்திலும் தீங்கு நேரலாம் என்பதற்கு லாம்ப்டாமூ சாட்சி. அமெரிக்காவின் ஸெறொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் பவெல் கேர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய எழுத்துலகம் அது. அங்கு நடந்த ஒரு சம்பவத்தை 1993 டிசம்பரில் நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் ஜூலியன் டிபெல் எழுதினார். மிஸ்டர் பங்கிள் என்ற பாத்திரம், பலர் கூடியிருந்த வரவேற்பறையில், ‘வூடூ பொம்மை’ எனப்பட்ட ஒரு சிறு நிரலைப் பயன்படுத்தியது. மற்றப் பாத்திரங்கள் தாமாகவே செய்வதுபோல வரிகளைத் தோன்றச் செய்வதுதான் அந்தப் பொம்மையின் வேலை. தோன்றிய வரிகள் பாலியல் வதையை விபரித்தன. பாத்திரங்களை இயக்கியவர்கள் தத்தமது வீடுகளில், தத்தமது கதிரைகளில் இருந்தார்கள். எவருடைய உடலிலும் ஒரு விரல் படவில்லை. ஆயினும் அவர்களில் ஒரு பெண், மறுநாள் அதைப்பற்றி எழுதியபோது தன் கண்களால் நீர் வடிந்துகொண்டிருந்ததாகப் பின்னர் டிபெலிடம் சொன்னார்.

‘சொல்தானே, திரையை அணைத்திருக்கலாமே’ என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கக்கூடாது. வாசிக்கப் பிடிக்காத நூலை மூடிவைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் வாசகர்கள் மட்டுமல்லர், எழுதுபவர்களும்கூட. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது அவர்களுடைய வரி. ‘மாலதி சிரிக்கிறாள்’ என்று எழுதும் உரிமை மாலதியை இயக்குபவருக்கு மட்டுமே உரியது என்ற உடன்பாட்டின்மேல்தான் அந்த உலகம் நின்றது. வேறொருவர் அவளுடைய பெயரில் எழுதத் தொடங்கிய கணத்தில், அவள் தன்னுடைய வாயிலேயே அந்நியளானாள். திரையை அணைத்திருந்தாலும் வரிகள் ஓடியிருக்கும். அவள் மட்டும் அதைப் பார்த்திருக்கமாட்டாள்.

இவ்விளையாட்டுகளில் நாட்பட்டவர்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட ஒழுக்கத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். முதலாவது, என் பாத்திரம் வாளை ஓங்குவதை நான் எழுதலாம். வெட்டு விழுந்ததா, எதிரி விலகினானா என்பதை எதிரியை ஆடுபவரே எழுதவேண்டும். முயற்சி என்னுடையது, விளைவில் மற்றவருக்குப் பங்குண்டு. இரண்டாவது, பாத்திரத்துக்கு வெளியே நின்று பேச ஒரு வழி எப்போதும் திறந்திருக்கவேண்டும். பல இடங்களில் இரட்டை அடைப்புக்குறிதான் அந்த வழி. அதற்குள் எழுதப்படுவது பாத்திரத்தின் பேச்சல்ல, ஆளின் பேச்சு: இது எனக்கு ஒத்துவரவில்லை, நிறுத்துவோம். இந்த இரண்டு விதிகளுக்கும் பின்னால் பெரிய தத்துவவாதிகள் எவரும் இல்லை. ஒருவரையொருவர் அறியாதவர்கள் சேர்ந்து ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்தவை.

இப்படி இடையில் வெளியே வந்தால் லயிப்புக் கெட்டுவிடாதா? ஒன்றிப்போய் ஆடுவதுதானே ஆட்டத்தின் சுவை? தமிழ்நாட்டின் வடபகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் ஆடப்படும் தெருக்கூத்து இதற்கொரு பதிலை வைத்திருக்கிறது. துகிலுரிதல் ஆடப்படும் இரவில், சேலையைப் பற்றும் கட்டத்தில் துச்சாதனனாக ஆடுபவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கர்ப்பூரம் கொளுத்தப்படும். தான் செய்யப்போவதற்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அதன்பின் மறுபடியும் துச்சாதனனாகிச் சேலையை இழுப்பார். இதனால் சபையின் லயிப்புக் குறைவதில்லை. இப்போது இழுக்கப்படுவது விளையாட்டுச் சேலையல்ல என்பதை அந்தக் கர்ப்பூரம் சொல்லிவிடுவதால், அது கூடுகிறது. கிழக்கிலங்கையின் பாண்டிருப்பில் பதினெட்டு நாள் திருவிழாவில் பாண்டவர்களாக நிற்பவர்களும் அந்த நாட்கள் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். போகவும் வரவும் வழியுள்ள இடத்தில்தான் மனிதர் அச்சமின்றி ஆழமாகப் போக முடியும்.

லாச்சப்பல் மெட்ரோவை விட்டு இறங்கியதும் இருக்கின்றது புஃப் டு நோர் அரங்கு. பீட்டர் புறூக் 1985இல் அவிஞ்ஞோனில் அரங்கேற்றிய மகாபாரதம் பின்னர் இங்குதான் ஆடப்பட்டது. மல்லிகா சாராபாய் திரௌபதியாக நடித்தார். அத்தகைய அரங்கில் நுழைவுச்சீட்டும் இருக்கையும், கடைசியில் நடிகர்கள் வந்து தலைவணங்குவதும் கர்ப்பூரத்தின் வேலையைச் செய்துவிடுகின்றன. எழுத்தாட்டத்தில் இவையொன்றும் கிடையா. விளக்கு எரியாது, எவரும் வந்து வணங்கமாட்டார். ஆகவேதான் அங்கு ஓர் அடைப்புக்குறிக்கு இத்தனை பாரம்.

இனி எம் பக்கம் பார்ப்போம். முகமூடி எமக்கு விளையாட்டாக வாய்த்ததல்ல. 1994 மே 1இல் சபாரத்தினம் சபாலிங்கம் பாரிசில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், சொந்தப் பெயரில் எழுதுவதன் விலை என்னவென்று புகலிடத்தில் எழுதிய எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புனைபெயர் பலருக்கு உயிர்க்காப்பாக இருந்தது. அதே புனைபெயரின் பின்னால் நின்று மற்றவரைத் தூற்றியவர்களும் எம்மிடையே இருந்தார்கள். ஆயினும் தன் முகத்தை மறைப்பதும் மற்றவருடைய வாயைப் பறிப்பதும் ஒன்றல்ல. மொட்டைக்கடிதம் எழுதுபவன் கோழையாயிருக்கலாம். ஆனால் ஒருவர் சொல்லாததை அவருடைய பெயரிலேயே சொல்ல வைப்பவன் செய்வது பங்கிளின் வேலை. ‘மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’, ‘புலம்பெயர்ந்த தமிழர் இப்படித்தான் நினைக்கிறார்கள்’ என்று எம் பெயரில் எழுதப்பட்ட வரிகள் எத்தனை! அந்த வரிகளில் நாம் சிரித்தோம், சபதமெடுத்தோம், சாகவும் சம்மதித்தோம். எம்மிடம் எவரும் கேட்கவில்லை.

இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. இந்த நாட்டில் தஞ்சம் கோருபவர் ஒஃப்ப்ரா எனப்படும் அகதிகள் அலுவலகத்துக்குத் தன் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கவேண்டும். மொழி தெரியாதவருக்காக நண்பரோ மொழிபெயர்ப்பாளரோ காசுக்கு எழுதுபவரோ எழுதுகிறார். அதில் ‘நான்’ என்று வருகிறது. அந்த ‘நான்’ எழுதியவருடையதுமல்ல, முழுக்கச் சொன்னவருடையதுமல்ல. பல மாதங்கள் கழித்து அதிகாரியின் முன்னால் அவர் அந்த ‘நான்’ ஆக இருந்து பதில் சொல்லவேண்டும். திகதி பிசகினால், ஊர்ப்பெயர் பிசகினால், பொய்யென்று கொள்ளப்படக்கூடும். ‘இந்த வரி நான் எழுதியதல்ல’ என்று சொல்ல அங்கே இரட்டை அடைப்புக்குறி கிடையாது. தன் துயரத்தையே பிறருடைய வசனத்தில் மனனம் செய்யவேண்டியிருந்த ஒருவருக்கு, திரையில் தன் பாத்திரத்தின் வரியை இழந்து அழுத பெண்ணின் கண்ணீர் விளங்காமற் போகாது.

இங்கு பிறந்த எமது பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில், முகந்தெரியாதவர்களுடன், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இத்தகைய கதைகளை ஆடுகிறார்கள். சிலர் மனிதர்களுடன் அல்லாமல், பாத்திரமாகப் பதில் எழுதும் இயந்திரங்களுடன் ஆடுகிறார்கள். உல்லாவின் பின்னால் ஒரு கூலியாளாவது இருந்தார். இங்கே அவரும் இல்லை. இதை ஒழுக்கக்கேடு என்று கூச்சலிடுவதில் பயனில்லை. தனிமையில் இருக்கும் பிள்ளை கதை எழுதிப் பழகுவது நல்லதாகவும் இருக்கலாம். எமது கவலை வேறு. மறுபக்கத்தின் வரியையும் தானே எழுதிவிட்டால் அந்த இயந்திரம் பெரும்பாலும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கதையைத் தொடரும். மற்றவருடைய வரிக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை அதனிடம் கற்க இயலாது. அந்தக் காத்திருப்பே இவ்விளையாட்டுகளில் மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்த மரியாதை.

லாம்ப்டாமூவில் நடந்ததன் முடிவையும் சொல்லவேண்டும். கூடி விவாதித்தார்கள், முடிவுக்கு வரமுடியவில்லை. கடைசியில் நிர்வாகிகளில் ஒருவர் தனியாகத் தீர்மானித்துப் பங்கிளை அழித்தார். பின்னர் கேர்ட்டிஸ் வாக்கெடுப்பு முறையொன்றை அங்கு ஏற்படுத்தினார். பங்கிளை ஆடியவரோ வேறொரு பெயரில் திரும்பி வந்துவிட்டார். பாத்திரத்தைத் தண்டித்தால் ஆள் தப்பிவிடுகிறார் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. துச்சாதனனின் பாவம் துச்சாதனனோடு போகட்டும். அதை ஆடியவரிடம் நாம் கேட்பதில்லை. அவர் கர்ப்பூரம் கொளுத்தினாரா, எதிரே நின்றவரின் வரியை அவருக்கே விட்டாரா என்பதை மட்டும் அவரிடம்தான் கேட்கவேண்டும், வேடம் கலைந்த பிறகும்.