ஆசானும் சான்றிதழும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேறுகிறவர் தவறி விழுந்து கை முறிந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ஆஸ்பத்திரிக்கா, ஆசானிடமா என்பதுதான். அடிமுறை என்ற சண்டைக் கலையும் வர்ம வைத்தியமும் சேர்த்துக் கற்றவர் ஆசான். அடிக்கத் தெரிந்தவருக்கே அடியை இளக்கிச் சரிசெய்யவும் தெரியும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உடம்பின் உயிர்நிலைகளையே எண்ணி வைத்திருக்கிறார்கள். வர்மம் வேரோடியது மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம். ஆனால் எண்ணெயும் கட்டும் தேடிப் போகிறவர்கள் தாலுகா எல்லை பார்ப்பதில்லை.

பரம்பரையாகக் கற்று, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் வைத்தியம் பார்க்கிறவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாதவர் சித்தமோ ஆயுர்வேதமோ பார்க்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தோம் என்பது உரிமையாகாது. அந்த வழக்கில் அலசப்பட்டவற்றுள் ஒன்று, 1953-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவத் தொழிலர் சட்டம். அது இயற்றப்பட்டபோது குமரி மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். ஆக, வழக்கு எல்லைக்கு அப்பால் நடந்தாலும் சங்கதி நம் வீட்டுச் சங்கதிதான். 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. அதன் இடத்துக்கு 2020-ல் வந்த புதிய சட்டமும் பதிவு என்ற பிடியைத் தளர்த்தவில்லை.

இந்தத் தடை நியாயமா?

ஆசான்களுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு: ஏழைக்கு வேறு கதியில்லை, ஆசானையும் தடுத்தால் எங்கே போவான்? வடக்கே எங்கோ ஒரு மலைக்கிராமத்துக்கு அது பொருந்தலாம். நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கிய மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம். இங்கே ஆசானிடம் போகிறவர் பெரும்பாலும் வேறு வழி தெரிந்தே போகிறார். ஆகவே இங்கே எடைபோட வேண்டியது ஏழ்மையை அல்ல, விவரமறிந்த ஒருவர் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவை. பிளேட் வைக்கும் ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று வளர்ந்த ஒருவர் தீர்மானித்தால் அரசு குறுக்கே நிற்க வேண்டிய அவசியம் என்ன?

குழந்தைகளை நினைத்தால் அவசியம் தெரியும். கொய்யா மரத்திலிருந்து விழும் ஏழு வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணம். அங்கே வீக்கம் ஏறும். ஏறுகிற வீக்கத்தின் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பிள்ளை வலியில் கதறும். கட்டினால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டார் சமாதானம் சொல்வார்கள். பிறகு விரல்கள் உள்நோக்கி மடங்கியபடியே நின்றுவிடும். மருத்துவர்கள் இதை வோக்மான் சுருக்கம் என்கிறார்கள். கைதேர்ந்த ஆசான் கட்டி முடித்ததும் நகத்தை அழுத்திப் பார்ப்பார், விட்டதும் சிவப்பு திரும்புகிறதா என்று; நீலம் கண்டால் அவிழ்ப்பார். ஆனால் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டியிருப்பவர் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டா என்று நோயாளி எப்படி அறிவார்? முடிவெடுக்கும் உரிமை என்பது, எதை நம்பி முடிவெடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால்தான் உரிமை. அந்த ஏழு வயதுப் பிள்ளை எந்த முடிவும் எடுக்கவில்லை.

இதுவரை சட்டத்தின் பக்கமே நியாயம். சிக்கல், தடை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. ஆசான்கள் மறைந்துவிடவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். போலீசுக்குப் பயந்து தொழில் செய்கிறவர், இது என் கையில் நிற்காது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதித் தர மாட்டார். எழுதினால் அதுவே சாட்சி. பத்து நாள் எண்ணெய் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவரும், டாக்டர் திட்டுவாரே என்று முதல் பத்து நாளை விழுங்கிவிடுகிறார். என்ன எண்ணெய், எத்தனை தடவை இழுத்து வைத்தார்கள், எப்போது வீங்கியது என்று எதுவும் தெரியாமல் டாக்டர் தொடங்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காக வந்த தடை, ஆபத்தான அந்தச் சில நாட்களை யாருக்கும் தெரியாத நாட்களாக ஆக்கிவிடுகிறது.

மௌனத்துக்குச் சட்டம் மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வர்மம் தொடக்கத்திலிருந்தே மறைப்பில் வளர்ந்த வித்தை. கொல்லக்கூடிய இடங்களைக் கோபக்காரன் கையில் கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சீடனை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். ஏடுகளில் பூடகமாக எழுதினார்கள். தாக்கும் வித்தைக்கு அது சரியான அறம். ஆனால் எண்ணெயும் கட்டும் போடுவதற்கு அந்த மறைப்பு எதற்கு? சோதித்துப் பார்க்கத் தராத மருந்தை நம்பச் சொல்வது நோயாளியிடம் அளவுக்கு மீறிக் கேட்பது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2024-ல் 567 பேருக்கு ஒரே நேரத்தில் வர்ம சிகிச்சை அளித்து கின்னஸ் சாதனை படைத்தது. விளம்பரமாக நல்ல காரியம். 567 பேரில் எத்தனை பேருக்கு எவ்வளவு காலம் வலி குறைந்தது என்பதுபோன்ற கணக்கே வர்மத்துக்கு அதைவிட அவசரமாகத் தேவை.

சட்டத்தின் கறார் எல்லோர் மீதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற, மருந்து விதிகளின் 170-ஆம் விதியை 2024-ல் ஆயுஷ் அமைச்சகமே நீக்கியது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025-ல் அந்த வழக்கையே முடித்துவைத்ததால் தடையும் நீங்கியது. தொலைக்காட்சியில் கோடிப் பேரை நம்பவைக்கும் கம்பெனிக்குத் தளர்வு, திண்ணையில் கட்டுப் போடுகிறவருக்கு ஜெயில் என்றால், காக்கப்படுவது நோயாளியா என்று சந்தேகம் வருவது இயல்பு. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ, நவீன மருத்துவத்தோடு தொடர்புள்ள, டாக்டர் அல்லாதவர்களுக்கும் வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்று 32-ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. முழு டாக்டருக்கும் முழுப் போலிக்கும் நடுவே ஒரு படி இருக்கலாம் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

அப்படி ஒரு படி ஆசானுக்கும் வேண்டும். பெருமைக்காக அல்ல, பொறுப்பில் கட்டுவதற்காக. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் தொடக் கூடாது. குழந்தையின் முழங்கையைத் தொடக் கூடாது. எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்து வைக்கக் கூடாது. கட்டிய நாள், அவிழ்த்த நாள், போட்ட எண்ணெய் எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் ஒரு பிரதி தர வேண்டும். தவறு நடந்தால் அந்த நோட்டு நீதிமன்றத்துக்கு வரும். மீறினால் இப்போதுள்ள தண்டனை அப்படியே இருக்கட்டும். இந்தியத் தரக் கவுன்சில் பாரம்பரிய வைத்தியர்களுக்கு, எலும்பு கட்டுகிறவர்கள் உட்பட, தானாக முன்வந்து தேர்வு எழுதிச் சான்று பெறும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. கை அறிவைச் சோதிக்க முடியும் என்பதற்கு அது சான்று. தொழில் செய்யும் உரிமையை மட்டும் அதனால் தர முடியாது.

தேர்வு வைப்பது யார் என்பதில்தான் சண்டை வரும். கல்லூரியில் படித்தவருக்கு இடம் தெரியும், அழுத்தம் தெரியாது என்பார் ஆசான். அழுத்தம் எவ்வளவு என்று எழுதிக் காட்டாதவர் எதை வைத்து மதிப்பெண் கேட்கிறார் என்பார் எலும்பு மருத்துவர். இருவரில் முதலில் இறங்கிவர வேண்டியவர் ஆசான்தான். தன் ஊரில் தான் கட்டிய கைகளும் கால்களும் எப்படி இருக்கின்றன என்று ஆசாரிப்பள்ளத்து எலும்புப் பிரிவு வந்து பார்க்க அவர் சம்மதித்தால், மறுப்பதற்கு அரசிடம் நல்ல காரணம் ஒன்றும் இருக்காது.