வியர்வை வற்றிய குதிரை

கூலியாளின் வியர்வை காய்வதற்கு முன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி நம்மில் எவருக்கும் புதிதல்ல. மே தினக் கூட்டங்களிலும் ஜும்ஆப் பிரசங்கங்களிலும் அது அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. வியர்வை அங்கே உழைப்பின் சாட்சியாக நிற்கிறது. ஓர் உடல் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது.

ஆனால் அந்தச் சாட்சியே இல்லாமற் போனால்? ஓர் உயிர் உழைக்கிறது, உள்ளே வேகிறது, மூச்சிரைக்கிறது. மேனியிலோ ஒரு துளி ஈரம் இல்லை. அத்தகைய உயிரின் விடயத்தில் நமது கடமை என்ன? துன்பத்தின் அடையாளம் வெளியே தெரியாதபோது கடமையும் இல்லாமற் போய்விடுமா? இது வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கட்டிய கற்பனைக் கேள்வி அல்ல. குதிரைகளில் அப்படியொரு நோய் உண்டு.

விலங்குகளுள் மனிதனைப் போலத் தாராளமாக வியர்ப்பது குதிரை. கடும் ஓட்டத்தில் அது ஒரு மணித்தியாலத்தில் 10 லீற்றருக்கும் மேலான வியர்வையை வெளியேற்றக் கூடியது. அதன் உடல் வெப்பத்தின் பெரும்பகுதி அவ்வியர்வை ஆவியாகும்போதே நீங்குகிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்து, இலை அசையாத புழுக்கம் நிலவும் நாடுகளில் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. வியர்வை வடிகிறது, ஆவியாவதில்லை. வெப்பம் இறங்காததால் உடல் மேலும் மேலும் வியர்வையைக் கேட்கிறது. வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் கட்டளை அதிரீனலின் வழியாக வருகிறது. அந்தக் கட்டளை ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால் சுரப்பியிலுள்ள வாங்கிகள் அதற்குச் செவிடாகிவிடுகின்றன என்பதே அறிஞர்கள் தரும் முதன்மையான விளக்கம். சில குதிரைகளில் பரம்பரைக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. முடிவில் குதிரை வியர்ப்பதை நிறுத்திவிடுகிறது. பிடரி மயிரின் கீழும் சேணத்தின் அடியிலும் பின்னங்கால்களின் இடையிலும் மாத்திரம் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும். மூக்குத் துவாரங்கள் விரிந்து அது நாய்போல் இளைக்கும். ஓய்வில் 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். கவனிப்பாரில்லாவிட்டால் விழுந்து மடியும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியர் தமது வெப்பமண்டலக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவந்த படைக்குதிரைகளிலும் பந்தயக் குதிரைகளிலும் இந்நோயைக் கண்டு ‘உலர்ந்த மேனி’ என்று பெயரிட்டனர். ஆயினும் இது வந்தேறிகளின் நோய் மாத்திரமல்ல. அந்த மண்ணிலேயே பிறந்த குதிரைக்கும் வரும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நூற்றுக்கு இரண்டு குதிரைகள் அளவில் இந்நோய் இருப்பதாக 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

இந்நோயின் கொடுமை உடலில் மட்டும் இல்லை. அது பார்ப்பவன் கண்ணை ஏமாற்றுவதிலும் இருக்கிறது. வியர்த்து நுரைதள்ளும் குதிரையைக் கண்டால் எந்தக் குதிரைக்காரனும் கடிவாளத்தைத் தளர்த்துவான். உலர்ந்த மேனியோடு நிற்கும் குதிரையைக் கண்டால், ‘இது இன்னும் களைக்கவில்லை, சோம்பல் காட்டுகிறது’ என்றே நினைப்பான். சவுக்கு யார்மீது விழக் கூடாதோ அவர்மீதே விழுகிறது.

நமது மாவட்டத்தில் இன்று குதிரைகள் இல்லாவிட்டாலும் இந்த உண்மை நமக்கு அந்நியமானதல்ல. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதியின் வில்லுகளில் மதியவேளை எருமைகள் கழுத்தளவு சேற்றில் அமிழ்ந்து கிடப்பதைக் காணலாம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோல் வெயிலை உறிஞ்சுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தயிருக்காக எருமை வளர்ப்பவர்கள் எந்த நூலையும் படித்து இதை அறிந்தவர்களல்லர். தண்ணீரில் கிடக்கும் எருமையைச் சோம்பேறி என்று அடித்து எழுப்புபவன் பட்டிக்காரன் அல்லன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். எருமை வியர்க்காது என்பதால் அது வேகாது என்று அவர்கள் எண்ணவில்லை. வியர்க்காது என்பதனாலேயே அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று எண்ணினார்கள். கடமையின் தொடக்கம் இந்த எண்ணத்தில் இருக்கிறது.

இனி நமது வரலாற்றின் பக்கம் திரும்புவோம். குதிரை வணிகம் தமிழ் பேசும் முஸ்லிம்களின் பழம்பெருமைகளுள் ஒன்று. இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரத்தோடு சேர்ந்து ஒலிப்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கத்தீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரை இப்பக்கம் அனுப்பப்பட்டதாகவும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை வைக்கப்பட்டதாகவும் எழுதுகிறார். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் இவ்வணிகத்தின் பெருமுதலாளி. அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக விளங்கினார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரச திறைசேரியிலிருந்து விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. இவற்றையெல்லாம் நாம் மாநாட்டு மலர்களில் பெருமையோடு எழுதி வருகிறோம். எழுதவும் வேண்டும்.

ஆனால் அந்தக் குதிரைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் அதே நூல்கள் சொல்கின்றன. அவற்றைக் கொட்டிலில் 40 நாட்கள் முளையடித்துக் கட்டிவைத்து, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்கவைப்பதையும், பிறகு பழக்காமலேயே வெறிகொண்டவர்போல் ஏறி விரட்டுவதையும், வலிமை மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே மந்தமும் நலிவும் அடைந்து உதவாமற் போவதையும் வஸ்ஸாஃப் விவரிக்கிறார். அதே காலத்தில் அக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஒருவரே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை என்றும், அப்படிப்பட்டவர்கள் அங்கு போய்விடாதபடி வணிகர்களே தடுத்துவந்தார்கள் என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். குதிரைகள் சாகச் சாக அடுத்த கப்பலுக்குச் சந்தை உறுதி அல்லவா?

அக்குதிரைகள் எல்லாம் வியர்வை வற்றியே மாண்டன என்று சொல்வதற்கில்லை. பொருந்தாத தீனி, அசையவிடாத கொட்டில், பராமரிப்பின்மை எனப் பல காரணங்கள் அந்த ஏடுகளிலேயே இருக்கின்றன. வறண்ட பாலையின் பிராணி தென்கடற்கரையின் புழுக்கத்தில் நலிந்தது என்ற அளவே நமக்குப் போதும். மார்க்கோ போலோ அந்நியர், கேட்டதையெல்லாம் எழுதியவர் என்றும் வாதிடலாம். வஸ்ஸாஃப் வாங்கியவரைக் குறை சொல்கிறார். போலோ விற்றவரையும் சேர்த்துச் சொல்கிறார். இருவரில் எவரை நம்பினாலும் இறந்தது குதிரைதான்.

இங்கே அறியாமையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அறியாமை ஒரே தரத்தது அல்ல. அறிய வழியே இல்லாத அறியாமை ஒன்று. அதிரீனலினும் சுரப்பியும் அறியப்படாத காலத்துக் குதிரைக்காரனை யாரும் அக்காரணத்துக்காகக் குற்றவாளியாக்க முடியாது. அறிய வழியிருந்தும் விசாரிக்காத அறியாமை இரண்டாவது. ஆண்டுதோறும் குதிரைகள் மடிவதைக் கண்ட பிறகும், ‘ஏன்?’ என்று கேட்காமல் திறைசேரியைத் திறந்துவிட்ட அரசன் இவ்வகை. தான் அறிந்ததைப் பிறர் அறியாதபடி காப்பது மூன்றாவது. உண்மையில் இதனை அறியாமை என்பதே தவறு. இது அறிவை ஆயுதமாக்குவது.

போலோ சொல்வது உண்மையாயின், அவ்வணிகர் விற்ற பொருளில் குறையொன்றும் இல்லை. குதிரை நல்ல குதிரைதான். குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள். மேலே உலர்ந்த தானியத்தையும் கீழே நனைந்த தானியத்தையும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்கப்பட்டது பொருளின் குறை அல்ல, அதைக் காப்பாற்றும் வழி. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையிலான நியாயத்தை மட்டும் பார்த்தால் இதில் வழக்கில்லை எனலாம். வாயில்லாத மூன்றாவது தரப்பு ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால்தான் வழக்கு எழுகிறது.

அந்த மூன்றாவது தரப்பை இஸ்லாம் மறக்கவில்லை. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்து முனகிய ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்து, அதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று உரிமையாளரிடம் நபியவர்கள் கூறியதை அறிவோம். வயிறு முதுகோடு ஒட்டிப்போன இன்னோர் ஒட்டகத்தைக் கண்டபோது, பேச முடியாத இப்பிராணிகளின் விடயத்தில் இறைவனை அஞ்சும்படி எச்சரித்தார்கள். முதல் ஒட்டகத்துக்குக் கண்ணீர் இருந்தது. இரண்டாவதன் வயிறு பேசியது. வியர்வை வற்றிய குதிரைக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கையின் அடிப்படையே பேச முடியாமை என்பதைக் கவனியுங்கள். பேச முடியாதது என்பதற்காகவே கடமை கனக்கிறதென்றால், அடையாளமும் காட்ட முடியாததன் விடயத்தில் அது இன்னும் கனக்க வேண்டும். குறிப்பறிவது போதாது, குறிப்பே இல்லாத இடத்தில் தேடிச்சென்று விசாரிப்பதும் கடமையாகிறது.

ஹிஜ்ரி 660 (கி.பி. 1262) இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அவற்றுக்குச் செலவிட வேண்டும், தாங்காத சுமையை ஏற்றக் கூடாது என்பன அவற்றுட் சில. காயலுக்குக் குதிரைக் கப்பல்கள் வந்த அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட சட்டம் இது! சட்டம் நம்மிடம் இருந்தது. கப்பலும் நம்மிடம் இருந்தது. இரண்டும் ஒரே துறையில் சந்தித்தனவா என்பதே கேள்வி.

உலர்மேனி நோய்க்கு இன்றுவரை உறுதியான மருந்து இல்லை. ஊட்டங்கள் பல விற்பனையாகின்றன. சில நாடுகளில் பியர் வார்த்தும் பார்க்கிறார்கள், பயன் நிரூபிக்கப்படவில்லை. மிருக வைத்தியர்கள் சொல்வது எளிமையானது. வெயில் ஏறுமுன் அல்லது தாழ்ந்தபின் மட்டும் வேலை, நிழல், காற்று, மேனியெங்கும் திரும்பத் திரும்பக் குளிர்ந்த நீர், போதிய உப்பு, தினமும் வெப்பமானி. அதற்கும் மசியாவிட்டால் வேலையை அடியோடு நிறுத்துவது, அல்லது குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவது. குளிர்ந்த நாட்டுக்குச் சென்ற குதிரைகள் பல மீண்டும் வியர்த்திருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், இந்நோயின் மருந்து உரிமையாளனின் நட்டம். அதனால்தான் இது வைத்தியப் பிரச்சினையாக மட்டும் இல்லாமல் ஒழுக்கப் பிரச்சினையாகவும் இருக்கிறது. மருந்து கடையில் கிடைத்தால் எவனும் வாங்கிக் கொடுப்பான். தன் இலாபத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வதே மருந்து என்றால் எத்தனை பேர் கொடுப்பார்கள்?

‘ஆதியாத்’ ஸூராவை இந்த நினைவோடு ஒருமுறை ஓதிப் பார்க்கலாம். 11 வசனங்களே கொண்டது. மூச்சிரைக்க ஓடுபவற்றின்மீது, பெரும்பாலான விரிவுரையாளர்களின் கருத்துப்படி குதிரைகளின்மீது, சத்தியமிட்டுத் தொடங்குகிறது. அடுத்து மனிதனின் நன்றிகெட்ட தன்மையையும் செல்வத்தின்மீது அவனுக்குள்ள கடும் மோகத்தையும் சொல்கிறது. இறுதியில் நெஞ்சங்களில் மறைந்திருப்பவை வெளிப்படுத்தப்படும் நாளை நினைவூட்டுகிறது. குதிரையின் இரைப்பு, மனிதனின் பொருளாசை, மறைந்தவை வெளியாகும் நாள். காயல் கரையின் கதையை எண்ணும்போது இந்த வரிசை நெஞ்சைச் சுடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்களைக் குறை சொன்ன நிம்மதியோடு நாம் எழுந்துவிடலாம். அப்படி எழ முடியாது. அன்று பஹ்ரைனிலிருந்தும் கத்தீஃபிலிருந்தும் குதிரைகள் நமது பக்கம் வந்து நமது புழுக்கத்தில் மாண்டன. இன்று கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் நமது பிள்ளைகள் அதே வளைகுடாக் கரைகளுக்குப் போகிறார்கள். கோடையில் அக்கரையின் காற்றும் ஈரம் கனத்தது. அங்கும் வியர்வை ஆவியாக மறுக்கிறது. வெப்பத்தாக்குக்கு உள்ளான மனிதருள் சிலரின் மேனி நனைந்திருக்கும், சிலரின் மேனி காய்ந்திருக்கும். காய்ந்திருப்பவரைப் பார்த்து ‘இவனுக்கு ஒன்றுமில்லை’ என்று மேற்பார்வையாளன் நினைத்தால், பழைய சவுக்கு மறுபடி விழுகிறது. கத்தார் 2021 இல் கோடை மாதங்களில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலையைத் தடைசெய்தது. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்து அளக்கும் சுட்டி 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமாயினும் வேலை நிற்க வேண்டும் என்றும் விதித்தது. இது நல்ல சட்டம். தொழிலாளியின் மேனியைப் பார்த்து ஊகிக்காமல் கருவியைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. ஆனால் வீடுகளுக்குள் வேலைசெய்யும் நமது சகோதரிகளின் அடுப்படியில் அப்படியொரு கருவி தொங்குவதில்லை.

அங்குள்ள முதலாளியைப் பற்றி மட்டும் பேசுவதும் நியாயமல்ல. மாதம் பிறந்ததும் பணத்தை எதிர்பார்க்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. வீடு கட்டி முடிய வேண்டும், தங்கையின் திருமணம் நடக்க வேண்டும். ‘சுகமாக இருக்கிறேன்’ என்று அவர்கள் தொலைபேசியில் சொல்வதை நாம் உடனே நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது. குறை சொல்லாதவருக்குக் குறை இல்லை என்ற கணக்கு அந்த வசதியிலிருந்தே பிறக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின்னரும், 2006 ஓகஸ்டில் மூதூர் முழுவதும் இடம்பெயர்ந்து திரும்பிய பின்னரும் வகுப்பறைகளில் அழுத பிள்ளைகள் மெல்ல மெல்லத் தேறினார்கள். ஒரு துளியும் அழாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளே அதிக காலம் எடுத்தார்கள்.

வியர்வை காயுமுன் கூலி கொடுப்பது கண்ணால் கண்ட உழைப்புக்குரிய நீதி. அந்த நீதியையேனும் நிறைவேற்றுபவர்கள் பாக்கியவான்கள். அதற்கு அப்பாலும் ஒரு நீதி உண்டு. வியர்க்காத மேனியின்மீது கைவைத்து, உள்ளே எவ்வளவு சுடுகிறது என்று பார்ப்பது அது. அவ்வாறு தொட்டுப் பார்ப்பவன் வேலையை நிறுத்த வேண்டிவரும். அவனுக்கு நட்டமும் வரும். தொட்டுப் பார்க்காதவனுக்கு நட்டம் இல்லை, கேள்வி மட்டும் உண்டு. நெஞ்சங்களில் உள்ளவை வெளிப்படுத்தப்படும் அந்த நாளில், பேச முடியாதிருந்தவையும் பேசும் என்று நம்புபவர்கள் நாம்.