காண்பதும் அறிவதும் ஒன்றா?

திருவிழாக் காலத்தில் கோயில் வெளிவீதியில் எதிரே வரும் ஒருவர், நன்கு தெரிந்த ஒருவரைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து போய்விட்டால், அது சிறிய விடயமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. “முகங் கொடுத்துக் கதைக்கவில்லை” என்ற பேச்சு பொழுதுபடுவதற்குள் ஊரின் மறு அந்தத்துக்குப் போய்விடும். வெளிநாட்டுக் காசு வந்த எடுப்பு, பழைய வேலிச் சண்டையின் மிச்சம் என்று காரணங்களும் கற்பிக்கப்படும். பார்த்தவர் அறிந்திருப்பார் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கண் திறந்திருந்தது, பார்வை இருந்தது, ஆகவே ஆளை அறிந்திருக்க வேண்டும் என்பது உலகத்தவர் கணக்கு. இக்கணக்கு எப்போதும் சரியானதுதானா என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நன்று.

1947 ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியரான யோவாக்கிம் போடாமர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். இரண்டாம் உலக மகாயுத்தத்திலே தலையிற் காயமடைந்தவர்களைப் பற்றியது அது. அவர்களுள் ஒருவர் 24 வயது இளைஞர். துப்பாக்கிச் சன்னம் தலையைத் துளைத்துப் பிழைத்தவர். அவருக்குக் கண் குருடாகவில்லை. எதிரே இருப்பது முகம் என்பது தெரியும். கண், மூக்கு, வாய் என்று தனித்தனியே காட்டவும் முடியும். ஆனால் அது யாருடைய முகம் என்பது மட்டும் தெரியாது. பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் முன்னால் வந்து நின்றாலும் அந்நியர் போலவே தோன்றினர். கண்ணாடியிலே தன் முகத்தைப் பார்த்தபோது அதுவும் அப்படியே. குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஆளை அறிந்துகொண்டார். இக்குறைபாட்டுக்குப் போடாமர் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயரை ஆக்கினார். தமிழிலே அதனை முகமறியாமை எனலாம். 2009 வரை நீடித்த யுத்தத்தைக் கண்ட இந்த மண்ணிலே தலைக்காயம் என்பது புத்தகத்தில் மாத்திரம் உள்ள செய்தி அன்று. அதை விடவும் பரவலாக, பாரிசவாதத்தினாலும் இத்தகைய குறை வரக்கூடும்.

மூளையின் பின்புறத்திலே, அடிப்பக்கமாக, முகங்களை அறிவதில் சிறப்பாக ஈடுபடும் ஒரு பகுதி உண்டு. 1997 இல் அமெரிக்க விஞ்ஞானி நான்சி கான்விஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை மூளைப் படமெடுக்கும் கருவியின் உதவியால் தெளிவாகக் காட்டினர். பெரும்பாலும் வலப்பக்கத்தில், அல்லது இரு பக்கங்களிலும், இப்பகுதியும் அதன் அயலும் பழுதடையும்போது முகமறியாமை உண்டாகின்றது.

இதிலும் வியப்பான ஒன்று உண்டு. முகத்தை அறியும் ஆற்றலும் மற்றவற்றை அறியும் ஆற்றலும் ஒன்றாகவே கெட வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்திலே பாரிசவாதத்தின் பின் மனித முகங்களை அறிய முடியாமற்போன ஒருவர், அதன் பிறகு செம்மறி ஆடுகளை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். அயலவரின் முகம் தெரியாத அவருக்கு ஆடுகளின் முகங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. 1993 இல் இரு ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து எழுதினர். அதற்கு முன் 1984 இல் எழுதப்பட்ட இன்னொரு செய்தி இதற்கு நேர்மாறானது. அதில் வரும் கமக்காரருக்கு மனித முகங்கள் மீண்டும் பிடிபட்டன. தன் பட்டிப் பசுக்கள் மட்டும் எது எதுவென்று பிடிபடவில்லை. மாடு வளர்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருட்களை அறியாமற்போவதும் உண்டு. நியூயோர்க்கில் வாழ்ந்த வைத்தியர் ஒலிவர் சாக்ஸ் 1985 இல் வெளியிட்ட நூலிலே ஓர் இசை ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரிடம் ஒரு ரோசாப்பூ கொடுக்கப்பட்டது. சிவப்பாக மடிப்பு மடிப்பாக ஒன்று, அதிலே பச்சையாக நீண்ட ஒன்று என்று அதன் வடிவத்தைப் பிழையின்றி விவரித்தார். அது பூ என்பது தெரியவில்லை. முகர்ந்து பாருங்கள் என்றதும் மணம் பிடித்தார், பூவை அறிந்துகொண்டார். குளிப்பதும் உடுப்பதும் உண்பதும் அவருக்குப் பாட்டோடு பாட்டாகவே நடந்தன. பாட்டு இடையில் நின்றால், கையில் இருப்பது இன்னதென்று தெரியாமல் நின்றுவிடுவார்.

எழுத்தின் கதை இவற்றுள் மிகப் பழையது. 1887 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், பரிஸ் நகரிலே 68 வயதான படித்த வர்த்தகர் ஒருவருக்கு, பேச்சும் அறிவும் சரியாக இருக்க, வாசிப்பு மட்டும் திடீரென்று அற்றுப்போயிற்று. கண்ணிலே பிழை என்று கண் வைத்தியரிடம் சென்றார். கண்ணின் கூர்மையில் குறை இல்லை என்று கண்ட அவர், ஜூல் டெஜெரின் என்ற நரம்பு வைத்தியரிடம் அனுப்பினார். நோயாளி சொல்வதைக் கேட்டு அழகாக எழுதினார். எழுதியதைத் திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தன் கையெழுத்துத் தனக்கே அந்நியமாயிற்று. ஆனால் எழுத்தின் கோடுகளின் மேலே விரலை ஓட்டினால், அது இன்ன எழுத்தென்று சொன்னார்.

விஜயதசமியன்று கோயில் மண்டபத்தில் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் வைபவத்தைக் கண்டவர்களுக்கு இச்செய்தி புதிய பொருள் தரும். கண் மறந்த எழுத்தை விரல் மறக்கவில்லை. வாசிப்பு இழந்தபின் அவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இசைக் குறிப்பை வாசிக்க முடியாவிட்டாலும் புதிய பாடல்களைக் காதாற் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1892 சனவரியில் மீண்டும் வந்த நோய் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் மூளையைப் பரிசோதித்த டெஜெரின், இடப்பக்கத்தின் பின் பகுதியும், இரு பக்கங்களையும் இணைக்கும் நார்க்கட்டின் பின் அந்தமும் பழுதுபட்டிருக்கக் கண்டார். கண்ட வடிவம் எழுத்தறிவுக்குப் போய்ச் சேரும் வழி அடைபட்டிருந்தது. (வாசித்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென எழுத்துத் தெரியாமற் போனால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவதை விட்டு அந்த மணிநேரத்திலேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் இவ்விடத்திலே சொல்லிவைப்பது தகும்.)

சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இவற்றைக் கேட்கும்போது ஒரு பழைய பாகுபாடு நினைவுக்கு வரலாம். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, காட்சியை இரண்டாகப் பிரிக்கின்றது. ஏதோ ஒன்று உளது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்பவற்றோடு இன்னதெனத் துணிவது சவிகற்பக் காட்சி. 1890 இல் ஜேர்மனிய வைத்தியர் லிசாவர், பொருளறியாமையை இருவகையாகப் பிரித்தார். வடிவத்தையே சரியாகத் திரட்டிக்கொள்ள முடியாத நிலை ஒன்று. திரட்டிய வடிவத்தை முன்னறிவோடு பொருத்த முடியாத நிலை மற்றையது. ரோசாப்பூவைப் பார்த்த ஆசிரியர் ‘சிவப்பாக ஒன்று’ என்பதோடு நின்றுவிட்டார். ‘பூ’ என்ற துணிவு அவருக்கு வாய்க்கவில்லை. இதனைக் காட்டி, எல்லாம் எங்கள் நூலிலே முன்னரே உண்டு என்று மார்தட்டுவது எளிது. அது நூலுக்கும் பெருமை அன்று, வைத்தியருக்கும் நியாயம் அன்று. சித்தியார் மூளைக் காயத்தைப் பற்றிப் பேசவில்லை. அறிதல் ஒரே வீச்சில் நடப்பதன்று, படிப்படியாக நடப்பது என்பதை இருவரும் வெவ்வேறு வழியாகக் கண்டார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

இனி, இவ்விடயத்தில் மிகவும் கடினமான இடத்துக்கு வரவேண்டும்.

முகமறியாமை உள்ளவர்கள் சிலரிடம் 1980களில் ஒரு சோதனை நடந்தது. உணர்ச்சி அசைந்தால் தோலில் மிகச் சிறிதாக வியர்வை அரும்பும். அதனைக் கருவியால் அளக்கலாம். தெரிந்தவர்களின் முகப் படங்களைக் காட்டியபோது, ‘யாரென்று தெரியாது’ என்றே அவர்கள் சொன்னார்கள். தோலோ தெரிந்த முகத்துக்கு ஒரு விதமாகவும் தெரியாத முகத்துக்கு வேறு விதமாகவும் அசைந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குள்ளே ஏதோ ஒன்று அறிந்திருந்தது. அவர்கள் அதை அறியவில்லை.

இதற்கு மறுதலையான நோயும் உண்டு. 1923 இல் பிரான்சிய வைத்தியர் ஜோசப் காப்கிரா விவரித்த அந்நோய் கண்டவர்கள், நெருங்கிய உறவினரைப் பார்த்து, “முகம் அவருடையதுதான், ஆனால் இவர் அவரல்லர், வேடமிட்டு வந்திருக்கும் வேறொருவர்” என்பார்கள். தமிழ்நாட்டிலே பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். இராமச்சந்திரன், 1997 இல் இன்னொருவருடன் சேர்ந்து இத்தகைய இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார். வாகன விபத்தில் தலை அடிபட்டவர் அவர். தாயையும் தந்தையையும் நேரில் கண்டால், போலிகள் என்பார். அவர்களே தொலைபேசியில் கதைத்தால், சந்தேகமின்றித் தாய் தந்தை என்று ஏற்றுக்கொள்வார். பெற்றோரின் முகத்தைக் கண்டபோது அவர் தோலிலே எதிர்பார்த்த அசைவு இல்லை. முகத்தை அறியும் வழி திறந்திருந்தது; முகத்தைக் கண்டதும் நெஞ்சு இளகும் வழி அறுந்திருந்தது என்று இராமச்சந்திரன் விளக்கினார்.

ஒருவர் தாயை அறியாதவராக இருக்க, அவருடைய உடல் தாய்க்கு அசைகிறது. மற்றவர் தாயின் முகத்தை அறிந்திருக்க, உடல் அசையவில்லை. ஆகவே தாயையே மறுக்கிறார். இவர்களுள் தாயை அறிந்தவர் எவர்? இருவரும் அறிந்தார்கள் என்றால் சொல் பொய்யாகிறது. இருவரும் அறியவில்லை என்றால் ஏதோ கொடுமையாகிறது. ‘அறிவு’ என்று ஒரு சொல்லால் வழங்குவது பல கூறுகளின் சேர்க்கை என்பதும், அந்தக் கூறுகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும் என்பதும் இந்நோய்கள் இல்லாவிட்டால் எளிதிற் தெரிய வந்திராது.

அப்படியானால் ஆள் எங்கே இருக்கிறார்? மூளையின் ஒரு துண்டு பழுதானதும் தாயென்ற அறிவு போகுமானால், ஆன்மா என்று தனியே ஒன்று எதற்கு என்று கேட்பவர் உண்டு. மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்திலே, ஆன்மா மனம் முதலிய அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரோடு கூடித் தொழில் நடத்துவது போல அவற்றோடு கூடி நிற்பது என்றும் உவமை கூறுகின்றார். அமைச்சன் நோயுற்றால் நாட்டுச் செய்தி அரசனிடம் சேராது. அதனால் அரசன் இல்லை என்றாகாது. உவமை அழகானது. எனினும், இந்நோய்கள் ஆன்மாவை நிறுவிவிட்டன என்றோ, இல்லையென்று காட்டிவிட்டன என்றோ சொல்வது அவசரமாகும். கருவி கெட்டால் அறிவு கெடும் என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொள்கின்றனர். கருவிக்கு அப்பால் ஒருவன் உண்டா என்பது தோலில் வைக்கும் கருவியால் தீரக்கூடிய வழக்கன்று.

தீர்க்கக் கூடியது வேறொன்று. வீதியில் முகங் கொடாமற் போனவரைப் பற்றிய தீர்ப்பு அது. ஒலிவர் சாக்ஸுக்கே பிறவியிலிருந்து முகமறியாமை இருந்தது. தலைக்காயம் எதுவுமின்றி இப்படிப் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். அவருடைய கூச்சத்துக்கும், மரியாதை தெரியாதவர் என்று அவர் எடுத்த பேருக்கும் பெரும்பகுதி இதுவே காரணம் என்று அவர் எழுதியிருக்கிறார். 2015 இல் அவர் காலமானார்.

இத்தகையவர்கள் சிலர், பிழை விடக்கூடாதென்று எதிர்ப்படும் எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைக்கப் பழகுகிறார்கள். அறியாமலே அறிந்தது போலச் சிரிப்பது பொய்யா? கடுமையாகப் பார்த்தால் பொய்தான். ஆனால் ஆலய வாசலில் வருவோர் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்பவரை எவரும் பொய்யர் என்பதில்லை.

வயது முதிர்ந்தோரின் மறதி நோய் வேறு. அதிலே நினைவே தேய்கின்றது. குரலும் சில வேளைகளில் உதவாது. ஆனால் இரண்டிலும் வீட்டிலுள்ளவர்கள் செய்யும் ஒரு தவறு ஒன்றுதான். “நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று கட்டிலருகே நின்று சோதிப்பார்கள். பாரிசவாதம் வந்த கிழவி திகைத்துப் பார்ப்பார். மகள் கண் கலங்குவாள், வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், கிழவிக்குத் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக மட்டும் விளங்கும். அவருக்கு வேண்டியிருப்பது கேள்வி அன்று. அறைக்குள் வரும்போதே குரல் கொடுத்து, “மாமி, நான் மூத்தவற்ரை பெட்டை, கோயிலடியிலிருந்து வாறன், விபூதி கொண்டு வந்தனான்” என்று சொல்லிக்கொண்டு கையைப் பிடித்தால், முகம் சொல்லத் தவறியதைக் குரலும் கையும் சொல்லிவிடும்.