கடைக்கும் நன்றிக்கடன் உண்டா?

இன்ன கடையில் இனி எந்தச் சாமானும் வாங்குவதில்லை என்று ஒருவர் தமக்குள் உறுதி செய்துகொள்கிறார். அவருக்குப் பின்னால் கட்சியுமில்லை, கூட்டமுமில்லை. அவர் ஒருவர் வாங்காததால் அக்கடை மூடப்படப் போவதுமில்லை. அப்படியானால் இது நற்குணமா, வெறும் பிடிவாதமா?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்ததை இதற்கு உதாரணமாகக் கொள்வோம். அங்கே ஸ்டேட் தெருவிலிருந்த மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய அங்காடி, 1852ல் தொடங்கிய ஒரு கடையின் வழிவந்தது. தலைமுறை தலைமுறையாக அந்நகரத்தார் அங்கே துணிமணி எடுத்தனர். அதன் மூலைக் கடிகாரத்தின் கீழே ஒருவரையொருவர் சந்தித்தனர். 2005ல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2006 செப்டம்பர் 9ல் பழைய பெயர் போய், மேசிஸ் என்ற பெயர் வந்தது. கட்டடமும் அதே, கடிகாரமும் அதே. ஆயினும் பலர் அக்கடிகாரத்தின் கீழே கூடி ஆட்சேபித்தனர். இனி இங்கே வாங்குவதில்லை என்று ஒதுங்கியவர்களும் உண்டு.

பணம் கொடுத்தோம், பொருள் பெற்றோம், கணக்குத் தீர்ந்தது என்று கூறி இவர்களைப் பார்த்துச் சிரிப்போர் இருக்கலாம். நாம் சிரிக்கமாட்டோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்பும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இறைச்சி அனுப்பி வந்தார்கள். மனித உறவும் கடை உறவும் ஒன்றல்லதான். எனினும் பழகியதை மறவாத குணம் நல்ல குணமே.

ஆனால் அக்குணத்துக்கும் தராசு வேண்டும். டெட்ராய்ட் நகரத்தார் ஹட்சன்ஸ் என்ற கடையையும், மினியாபொலிஸ் நகரத்தார் டேட்டன்ஸ் என்ற கடையையும் இவ்வாறே நேசித்தனர். 2001ல் அவ்விரு பெயர்களும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த பெயர் எது? மார்ஷல் ஃபீல்ட்ஸ்தான்! தம் கடையின் பெயர் போனதற்கு வருந்தும் சிகாகோவாசி, அயலூராரின் பெயர் போனபோதும் வருந்தினாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு நேர்ந்தால் அநீதி, பிறருக்கு நேர்ந்தால் வியாபாரம் என்பது நீதியாகாது.

ஒதுங்குவதற்கு வரம்பும் உண்டு. யமாமாவின் தலைவர் ஸுமாமா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதும், மக்காவுக்குச் செல்லும் கோதுமையை நிறுத்திவிட்டார்கள். மக்காவாசிகள் பசியால் வாடி முறையிட்டபோது, தம்மை ஊரைவிட்டு வெளியேற்றிய அம்மக்களுக்கே தானியம் செல்ல நாயகம் (ஸல்) அவர்கள் வழிவிடச் செய்தார்கள். கோபம் நியாயமானதாக இருந்தாலும், அது பசித்தவர் வயிற்றில் அடிக்கக் கூடாது. புதிய பெயரின் கீழே நின்று விற்பனை செய்யும் ஊழியரா பழைய பெயரை நீக்கினார்? அவரிடம் கடுகடுப்பது எவ்வகையில் நியாயம்?

ஆகவே, ஒதுங்க விரும்புபவர் ஒதுங்கட்டும். அது அவருடைய உரிமை. ஆனால் எல்லோருக்கும் ஒரே தராசைப் பிடிக்கட்டும். மறைந்த கடைக்காகப் பெருமூச்சு விடுகிற நாம், திறந்திருக்கும் பழைய கடையைச் சிறிது மலிவுக்காகக் கைவிடுகிறோமா என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். நன்றி காட்டுவதற்கு ஏற்ற காலம், நன்றிக்குரியவர் இருக்கும் காலமே.