மாலையில் கேட்க வேண்டிய கேள்வி

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று காலை முதலே தொலைக்காட்சி எச்சரித்துக்கொண்டிருந்தது. தெள்ளாரில் உள்ள எங்கள் வீட்டில் நான் செய்ய வேண்டியவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்தேன். அரிசி மூட்டை பரணில் ஏறியது. குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் ஆகியவை பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்தன. குடத்தில் குடிநீர், கைக்கெட்டும் இடத்தில் டார்ச் விளக்கு, மருந்துகள். மாலை ஆறு மணிக்கெல்லாம் கதவைத் தாழிட்டு, முன்மதியோடு நடந்துகொண்ட மனநிறைவுடன் செபமாலையைக் கையிலெடுத்தேன்.

பக்கத்து வீட்டில் தறியோசை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆரணிப் பட்டு என்று உலகம் அறிந்த நெசவைச் செய்யும் குடும்பம் அது. குழித்தறியின் இயல்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகளை மிதித்தபடி நெய்கிறார். பாவு தரையிலிருந்து சிறிது உயரத்தில்தான் நீண்டு கிடக்கும். மண்ணின் ஈரப்பதம் இழை அறாமல் காக்கிறது. ஆனால் வெள்ளம் வந்தால் வீட்டில் முதலில் நிறைவது அந்தக் குழியே. அன்று நள்ளிரவுக்கு முன் புயல் கரையைக் கடந்து, அங்கேயே நெடுநேரம் அசையாமல் நின்று பொழிந்தது. எங்களுக்குத் தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. எங்கள் தெருவில் விடியும்போது முழங்கால் அளவு நீர். பக்கத்து வீட்டுத் தறியில் மூன்று சேலைகளுக்கான பாவு நனைந்து, சாயம் கலங்கிக் கிடந்தது.

நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நீரில் நின்றபடியே அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா சார்?"

நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதுவும் முந்தைய நாள் மாலையிலேயே கேட்டிருக்க வேண்டியது. பதினைந்து அடி தூரத்தில் தறியோசையைக் கேட்டுக்கொண்டே செபித்த நான் ஏன் கேட்கவில்லை? இக்கேள்வியைத்தான் இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பேரிடரை எதிர்நோக்கித் தன் வீட்டைக் காத்துக்கொள்வதோடு ஒருவனுடைய அறக்கடமை முடிந்துவிடுகிறதா?

முதலில், முன்னேற்பாடே விசுவாசக் குறைவு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்ற ஆண்டவரின் போதனையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால் அங்கே விலக்கப்படுவது கவலை, கவனம் அன்று. எகிப்தில் வளமான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பை விவிலியம் கண்டிக்கவில்லை, போற்றுகிறது. வருமுன் காவாதவனின் வாழ்வு நெருப்பின்முன் வைத்த வைக்கோல் போன்றது என்பது வள்ளுவர் கருத்து. புனித தோமா அக்குவினா முன்னோக்கும் அறிவை விவேகம் என்னும் நற்பண்பின் தலையாய பகுதியாகவே வைக்கிறார். ஆகவே எச்சரிக்கையைக் கேட்டு அரிசியைப் பரணில் ஏற்றுவது பாவமன்று. என் தவறு வேறிடத்தில் இருந்தது.

இரண்டாவதாக, பாதிக்கப்பட்டவர் அலட்சியமாக இருந்தார் என்ற தீர்ப்பு. உண்மையைச் சொன்னால், அன்று காலை என் மனத்தில் எழுந்த முதல் எண்ணமும் இதுவே. "எச்சரிக்கை அவருக்கும் கேட்டிருக்குமே, அவர் ஏன் பாவை எடுத்து வைக்கவில்லை?" இவ்வாறு கேட்பதில் நமக்கு ஓர் இரகசிய ஆறுதல் இருக்கிறது. அவருடைய இழப்பு அவருடைய குற்றத்தால் வந்தது என்றால், நம்முடைய பாதுகாப்பு நம்முடைய தகுதியால் வந்தது ஆகிவிடுகிறது அல்லவா? அதே மழையில், டிசம்பர் 1ஆம் நாள் மாலை, நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் ஒரு வீட்டின்மேல் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். மலையடிவாரத்தில் குடியிருப்போர் மற்றவர்களைவிட அறிவிலிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி எழுந்த இத்தகைய எண்ணத்தை இயேசு உறுதியாக மறுத்ததை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம்.

பின்னர் அந்த நெசவாளரோடு பேசியபோதுதான் உண்மை விளங்கிற்று. தறியில் ஏறிய பாவை அச்சோடும் விழுதோடும் சேர்த்துச் சுருட்டி உத்தரத்தில் கட்ட இரண்டு பேர் போதாது. கட்டியதை மீண்டும் தறியில் பூட்டி நெய்யத் தொடங்க இரண்டு நாள் ஆகும். அவருக்கோ சேலை முடிந்தால்தான் கூலி. மழை பெய்யாமல் புயல் திசை மாறியிருந்தால்? பாவு தந்தவருக்குத் தாமதம், வீட்டுக்குப் பட்டினி. எச்சரிக்கை பொய்த்தால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை. பரணிலிருந்து அரிசியை மீண்டும் இறக்கினால் போதும். அவருக்கோ அது இரண்டு நாள் உணவு. ஒரே எச்சரிக்கை இரண்டு வீடுகளுக்கு ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஏழைகள் முன்னேற்பாடு செய்வதில்லை என்று குறை கூறுமுன், முன்னேற்பாட்டுக்கும் ஒரு செலவு உண்டு என்பதையும், அதைத் தாங்கும் வலு எல்லாரிடமும் சமமாக இல்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே பத்துக் கன்னியர் உவமை என்னை நெடுநாள் உறுத்தியது. அறிவுள்ள ஐவரும் தம் எண்ணெயைப் பகிர மறுக்கின்றனர். இது தன்னலம் இல்லையா? விண்ணரசுக்கான விழிப்பைப் பிறருக்காக எவரும் கடன் தர இயலாது என்பது உவமையின் பொருள் என்று கற்றிருக்கிறோம். வெள்ளத்திற்குப் பின் அதை வாசித்தபோது மற்றொன்றும் தோன்றிற்று. சில உதவிகள் நள்ளிரவில் இயலாதவை. முழங்கால் நீரில் நின்று பாவை உலர்த்த முடியாது. மூழ்கிய தறியோடு என் பரணைப் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. எனவே பகிர வேண்டிய நேரம் நள்ளிரவு அன்று, மாலை. பத்துப் பேரும் ஒன்றாகப் புறப்பட்ட அந்த மாலையில் "எண்ணெய் எடுத்துக்கொண்டாயா?" என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டிருக்கலாம் என்று உவமையின் எல்லைக்கு அப்பால் நின்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மூன்றாம் நந்திவர்மனின் வெற்றியால் வரலாற்றில் இடம்பெற்ற தெள்ளாறும் அதன் சுற்றுப்புறமும் ஏரிகளின் நாடு. தொலைவில் இல்லாத உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. கரை உடைந்தால் எந்த வீடு மூழ்கும் என்று ஒவ்வொருவனும் தனித்தனியே கணக்கிடவில்லை. கரையைக் காப்பது ஊரின் பொதுப் பொறுப்பாக இருந்தது. பிற்காலத்தில் குடிமராமத்து என்று வழங்கிய உழைப்பும் அத்தகையதே. இன்று கால்வாய்கள் தூர்ந்து, வீட்டுக்கு வீடு தரை மட்டம் உயர்கிறது. ஒருவன் உயர்த்திய தரையிலிருந்து வழியும் நீர் அடுத்தவனுடைய குழித்தறிக்குள் இறங்குகிறது. தனித்தனி முன்னேற்பாடு சில வேளைகளில் பக்கத்து வீட்டுக்குப் பேரிடர் ஆகிவிடுகிறது!

ஒரு குரல் எத்தனை பேரைக் காக்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 சான்று. ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் பலரை வாரிச் சென்ற அதே ஞாயிறு காலை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது. மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. கடல் கடந்து வாழ்ந்த ஒருவருக்குத் தம் ஊர் நினைவுக்கு வந்தது. எனக்கோ அடுத்த சுவர் நினைவுக்கு வரவில்லை.

பெரிய திட்டங்கள் எதையும் நான் முன்மொழியவில்லை. நம் அன்பியக் கூட்டங்களில் ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை தெருவின் கணக்கை எடுக்கலாம். குழித்தறி உள்ள வீடுகள் எவை, தனித்து வாழும் முதியோர் யார், மாடி உள்ள வீடுகள் எவை, பாவு தூக்க வரக்கூடிய இளைஞர் யார்? பிடி அரிசி எடுத்து வைக்கும் பழைய வழக்கத்தைப் புதுப்பித்து, எச்சரிக்கை பொய்த்த நாளில் கூலி இழந்த நெசவாளருக்கு அதைக் கொடுக்கலாம். வெள்ளம் வந்த பின் கொடுப்பது இரக்கம். வராமற்போன வெள்ளத்துக்காகக் கொடுப்பதை நான் நீதி என்பேன்.

அந்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடலின் முழக்கத்தையும் விழித்திருக்க வேண்டிய கடமையையும் பற்றிய நற்செய்தியே அன்றைக்கு உரியது. வழியெல்லாம் நீராக இருந்ததால் நான் திருப்பலிக்குச் செல்லவில்லை. வீட்டில் அமர்ந்து அப்பகுதியை வாசித்தேன். முந்தைய இரவு முழுவதும் நான் விழித்துத்தான் இருந்தேன், என் கூரையின் ஓசையைக் கேட்டபடி. இப்போதெல்லாம் வானம் இருண்டால், பரணைப் பார்க்குமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.