செய்தேனா, செய்வித்தேனா?

உங்கள் பயோடேட்டாவைக் கொஞ்சம் எடுங்கள். பெயர், படிப்பு, விலாசம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் படியுங்கள். லெட், மேனேஜ்டு, எக்ஸிக்யூட்டட், டெலிவர்டு... சத்தமாகப் படித்தால் 'யாரைப் பத்திச் சொல்றீங்க?' என்று வீட்டில் கேட்பார்கள். இத்தனையையும் நீங்கள் ஒருவரே செய்து முடித்திருந்தால், உங்கள் ஆபீஸில் மற்ற இருநூறு பேர் எதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்?

சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த போடிநாயக்கனூர்ப் பையன் ஒருவன் ஏறக்குறைய இதே சங்கடத்தோடுதான் வந்தான். சென்னையில் மென்பொருள் வேலை. பி.எம்.பி. என்கிற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் அடுத்த படி, அடுத்த சம்பளம். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமைப்பு 1984-லிருந்து தரும் சான்றிதழ் இது. துபாயானாலும் சிங்கப்பூரானாலும் சிறுசேரியானாலும் செல்லுபடியாகும். 180 கேள்விகள், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அதற்குப் பையன் பயப்படவில்லை. நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயப்படுகிற ஜாதி இல்லை.

சிக்கல் பரீட்சைக்கு முன்னால் இருக்கிறது. பட்டதாரியாக இருந்தால், 36 மாதங்கள் நீங்களே திட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். எந்தத் திட்டம், எத்தனை மாதம், உங்கள் பங்கு என்ன என்று எழுதித் தர வேண்டும். பையனிடம் இருப்பது 22 மாதம். மிச்சம் 14?

அவன் கடைசியாக வேலை பார்த்த திட்டத்தை 14 மாதம் நடத்தியவர் வேறொரு பெண். அவர் வேலையை விட்டுப் போனபிறகு, இவன் நாலு மாதம் நடத்தி முடித்துக் கொடுத்தான். அந்த 14-ஐயும் தன் கணக்கில் எழுதிவிட்டால் சரியாக 36. பயிற்சி வகுப்பில் கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

"முடிச்சது நான்தானே சார்? அப்ப நான் செஞ்சேன்னு எழுதுறதுல என்ன தப்பு?"

இப்படி விண்ணப்பித்தவர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்துத் தணிக்கை செய்வார்கள். அப்போது மேலதிகாரியிடமோ, விஷயம் தெரிந்த வேறொருவரிடமோ கையெழுத்து வாங்கித் தர வேண்டும். ஆனால் எல்லாரையும் செய்வதில்லை. மாட்டுவோமா, மாட்டமாட்டோமா என்பது ஒரு கேள்வி. நான் இங்கே பேச விரும்புவது அதை அல்ல. மாட்டவே மாட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எழுதலாமா?

அவன் ஊரிலேயே இதற்கு ஒரு பாடம் கிடக்கிறது. போடி ஏலச் சந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம், போடியிலும் மலைக்கு அந்தப்பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். விவசாயி கொண்டுவந்த மூட்டைகள் எங்கோ அடுக்கிக் கிடக்கும். வியாபாரி முன்னால் வருவது ஒரு கை ஏலக்காய், சாம்பிள். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார், பச்சை நிறம் பார்ப்பார், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7-க்கு ஒரு விலை. அந்த ஒரு கைக்காயை நம்பித்தான் பொத்தானை அழுத்துகிறார். சாம்பிளில் பெருங்காயும் மூட்டையில் பொடிக்காயுமாக இருந்தால் ஏமாறுவது அந்த ஒரு வியாபாரி மட்டுமில்லை. அடுத்த வாரம் எல்லாச் சாம்பிளையும் எல்லாரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். காய்க்குச் சாயம் போட்டுப் பச்சையாக்கும் ஆட்களும் உண்டு. அதனால் விலை போகாமல் அடி வாங்குவது, சாயமே போடாதவனின் காயும் சேர்த்துத்தான்.

சான்றிதழும் ஒரு சாம்பிள்தானே?

அதற்காக, 'பேப்பரில் என்ன இருக்கிறது, மலைமேல் கங்காணிகள் எந்தச் சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்கிறார்கள்' என்று படிக்காத மேதை கதை சொல்ல வரவில்லை. அந்தக் கதை நமக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் படிக்க வைத்துவிடுவார்கள். உண்மையில் அந்த வேலை லேசில்லை. ஏலச்செடி எல்லாக் காயையும் ஒரே நாளில் தருவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று சுற்றுச் சுற்றாக, விளைந்ததை மட்டும் பறிக்க வேண்டும். முந்தினால் பிஞ்சு, எடை நிற்காது. பிந்தினால் வெடித்துவிடும். பறித்த காய் உடனே உலர்த்தும் ஸ்டோருக்குப் போக வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். எத்தனை ஆள், எத்தனை ஜீப், இன்றைக்கு மழை வருமா, ஸ்டோரில் இடம் இருக்கிறதா என்று தினமும் விடிவதற்குள் ஒருவர் மனக்கணக்காகப் போட்டு முடிக்கிறார். பி.எம்.பி. பாடத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு.

ஆனால், அந்தக் கணக்கை எங்கும் காட்டி வேறு வேலை கேட்க முடியாது. தோட்டத்துக்கு வெளியே அந்த அறிவுக்குச் சாட்சி இல்லை. அதனால்தான் சான்றிதழை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். சிபாரிசுக் கடிதமும் சொந்த ஜாதியும் மாமன் மச்சானும் வேலை வாங்கித் தந்த நாட்டில், யாரையும் தெரியாதவனுக்கு ஒரு காகிதம் கதவைத் திறக்கிறது என்றால் அது சின்ன விஷயமா? இந்தப் பையனின் அம்மா இன்னமும் விடியற்காலை ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் காய் பறிக்கப் போகிறவர். சான்றிதழ் வந்தால் நிறுத்திவிடலாம் என்பது அவன் கணக்கு. 14 மாதம் காத்திரு என்று நான் சொன்னால், அந்த மாதங்களுக்கு ஜீப்பில் ஏறப்போவது நான் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: எழுதக் கூடாது.

ஏன்? விதி இருக்கிறது என்பதால் மட்டுமல்ல. இந்த அமைப்பின் நெறிமுறையில் பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்று நாலு வார்த்தை போட்டிருக்கிறார்கள். எல்லா அமைப்பும் இப்படி நாலு வார்த்தை போடும். எனக்கு உறுத்துவது அந்த 'செஞ்சேன்'.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை என்று நடத்தினாரே, நினைவிருக்கிறதா? செய்தான், தன்வினை. செய்வித்தான், பிறவினை. பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். ஆனால் திட்ட மேலாளர் என்கிற ஆசாமியின் வேலையைச் சொல்ல இதைவிடச் சரியான சொல் எந்த மேலாண்மைப் புத்தகத்தில் இருக்கிறது? அவர் கட்டுவதில்லை, கட்டுவிக்கிறார். அந்தச் சொல்லைச் சொன்ன நிமிஷமே, கட்டியவர் இன்னொருவர் என்பதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 'எடுப்பிச்ச' கற்றளி என்றுதான் இருக்கிறது. எடுத்த அல்ல, எடுப்பிச்ச. அதோடு விடவில்லை. தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் தனித்தனியாகக் கல்லில் வெட்டச் சொன்னான். பெருந்தச்சன் பெயர்கூட இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் இல்லையே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். ஆனாலும், அக்கா கொடுத்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாத அளவுக்காவது ராஜாவுக்குக் கூச்சம் இருந்திருக்கிறது.

போடி மலையிலேயே எதிர் உதாரணம் உண்டு. மூணாறுத் தேயிலையை இறக்க 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, பிறகு போடி. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சரிவில் கம்பம் நட்டவர்கள், கம்பி இழுத்தவர்கள் யார்? புத்தகத்தைத் திறந்தால் கம்பெனி பெயரும் துரைமார் பெயரும்தான் கிடைக்கும். 'செஞ்சோம்' என்பது 'செஞ்சேன்' ஆகும்போது இப்படித்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். சுமார் 90 கிலோமீட்டர். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்! அதில் வேலை பார்த்த எத்தனையோ பேர் இந்நேரம் பயோடேட்டாவில் 'அகலப்பாதைத் திட்டத்தை நிறைவேற்றினேன்' என்று எழுதியிருக்கக்கூடும். தப்பில்லை, வேலை பார்த்தவர்கள்தான். 'தாமதம் செய்தேன்' என்று ஒருவராவது எழுதியிருப்பாரா? நம் பயோடேட்டாக்களில் ஜெயித்ததெல்லாம் தன்வினை. தாமதமானது மட்டும் செயப்பாட்டுவினை. தானாகவே தாமதிக்கப்பட்டது.

பையனிடம் இலக்கணமெல்லாம் பேசவில்லை. எழுதாதே என்று மட்டும் சொன்னேன். முகம் சுருங்கிப் போனான். ஊருக்குப் போனவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவருக்கு பி.எம்.பி.யும் தெரியாது, 36 மாதமும் தெரியாது. "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றாராம்.

கேட்டிருக்கிறான். வேலையை விட்டுப் போன அந்தப் பெண், இப்போது பெங்களூரில், கைக்குழந்தையோடு இருக்கிறார்.

"நாலு மாசம் நீ பண்ணினதுக்கு எங்க வேணும்னாலும் சாட்சி சொல்றேன் தம்பி. ஆனா அந்தப் பதினாலு மாசத்தைக் கேக்காத. போன வாரம்தான் என்னோட அப்ளிகேஷன்ல அதை எழுதி அனுப்பியிருக்கேன்."